எண்ணெய் தோண்ட அனுமதி

மகாயுத்தம் தொடங்கி மூன்றாவது வருஷம் பதுளையில் மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டது. கொழும்பிலிருந்து பண்டாரவளை வரைக்கும் ரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் மலையிறங்க வேண்டிய தகரங்கள் வழியில் எங்கெங்கோ கரைந்து போயின. வண்டி வந்து நின்றால் கடைத்தெருவே எட்டிப் பார்க்கும். உள்ளே வைக்கோல்தான் அதிகமாக இருக்கும்.

இதில் அதிகமாக நொந்து போனவர் ஷுக்ரி. அவர் விற்றது லாம்பு. கையில் தூக்கும் லாம்பு, சுவரில் மாட்டும் லாம்பு, கலியாண வீட்டில் தொங்கவிடும் பெரிய லாம்பு என்று கடை முழுக்கக் கண்ணாடி. ஊற்ற எண்ணெய் இல்லாத ஊரில் லாம்பு வாங்க யார் வருவார்கள்? காலையில் கடையைத் திறந்து, எல்லாக் கண்ணாடியையும் துடைத்து, எல்லாவற்றிலும் தன் முகத்தையே பார்த்துவிட்டு மாலையில் பூட்டிக்கொண்டு போனார்.

அதே தெருவில் மண்ணெண்ணெய் விற்றவர் அவருடைய மச்சான் ஸஹாப்தீன். ஷுக்ரியின் மனைவி ஹம்ஸியாவுக்கு மூத்த சகோதரர். யுத்தத்துக்கு முன்பு அவரை யாரும் பெரிதாக எண்ணியதில்லை. கிட்டே போனால் வாடை அடிக்கும் மனிதர், அவ்வளவுதான். இப்போதோ கோர்ட்டில் வாதாடும் அப்புக்காத்துமார்கூட அவர் கடை வாசலில் தொப்பியைக் கழற்றினார்கள். அவரும் ஒரு சின்னக் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, யாருக்கு ஊற்றுவது, யாரை நாளைக்கு வரச் சொல்வது என்று தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்தார்.

ஷுக்ரியும் போத்தலைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"மச்சான், வீட்டுக்குக் கொஞ்சம் ஊத்துங்க."

"ஒங்க கடையிலதான் அவ்வளவு லாம்பு இரிக்கே," என்பார் ஸஹாப்தீன். "அதுல ஒண்டைக் கொளுத்திக்கிட்டு வெளிச்சத்துல வந்து கேளுங்களேன்."

வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஷுக்ரி அதை வீடு வரைக்கும் சுமந்துகொண்டு போவார்.

அந்த வருஷம் வெயில் காலத்தில் ஒருநாள், ஹாலிஎலப் பக்கத் தோட்டமொன்றில் கங்காணி வீட்டுக் கலியாணத்துக்கு லாம்புகளை வாடகைக்குக் கொடுத்துவிட்டு ஷுக்ரி நடந்து திரும்பினார். வழியில் அசர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. புல் மட்டுமே வளர்ந்த ஒரு பத்தனைச் சரிவில், பாறைக்கடியிலிருந்து மெல்லிய ஊற்றொன்று கசிந்தது. முகம் கழுவக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தேங்கிய நீரின் மேல் நீலமும் ஊதாவும் மஞ்சளுமாக ஒரு படலம் மினுங்கிற்று. விரலைத் தோய்த்து மூக்கில் வைத்தார். சந்தேகமேயில்லை. மண்ணெண்ணெய்!

காலை முழுவதும் லாம்புக்குத் திரி போட்ட விரல் அது என்பது அந்த நேரத்தில் அவர் நினைவுக்கு வரவில்லை.

கைத்தடியால் மண்ணைக் கிளறத் தொடங்கியதும் மேலேயிருந்து சத்தம் வந்தது. காட்டுக் காவல்காரர் முத்துபண்டா, காக்கிச் சட்டையும் கோலுமாகச் சறுக்கிக்கொண்டு இறங்கினார்.

"ஏய் லாம்புக் கடை நானா! இங்க தோண்ட ஏலாது! இது ராசாவோட காணி! சட்டம் இருக்கு!"

"நான் முகம் கழுவுறேன்."

"கழுவு. தோண்டாத."

ஷுக்ரி மரியாதையாகக் கைத்தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஆனால் பதுளை வந்து சேர்வதற்குள் அவர் மனதில் எல்லாம் தெளிவாகிவிட்டது. வெறும் புல் முளைத்த மலை. ஆடுகூட மேயாத மலை. அதற்கு எதற்கு ஒரு காவல்காரர்? எதற்கு ஒரு சட்டம்? கீழே என்ன இருக்கிறது என்று வெள்ளைக்காரனுக்குத் தெரியும்!

அன்று மாலையே கோப்பிக் கடையில் விஷயத்தை அவிழ்த்தார். "மலைக்குக் கீழ கடலு மாதிரி எண்ணெ கிடக்கு. நம்மட காலுக்குக் கீழ. நாம என்னடாண்டா அமெரிக்காக்காரன்ட தகரத்துக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறோம். தடை ஒண்டே ஒண்டுதான். சட்டம்! அதை மட்டும் தெறந்து விட்டா பதுளையே தோண்டும். தோண்டினா எண்ணெ தன்னால வரும்."

கேட்டவர்களுக்கு இது பிடித்துப் போயிற்று. சாப்பாடு குறைந்து, துணி விலை ஏறி, எல்லாம் இறுகிப் போயிருந்த காலத்தில், குற்றவாளியை இவ்வளவு சுலபமாகக் காட்டித் தந்தவர் வேறு யாருமில்லை. தையல்காரர் அலவி, முதல் ஆளாக மம்பட்டி தூக்குவதாகச் சொன்னார். ரொட்டிக் கடை ஸலீம் தன்னிடம் பாறை பெயர்க்கும் அலவாங்கு இருப்பதாக அறிவித்தார். தினமும் ஒன்றிரண்டு பேர் திருட்டுத்தனமாகப் பத்தனைக்குப் போய்க் கிளறிப் பார்த்து, முத்துபண்டா துரத்த, வீரர்களாகத் திரும்பினார்கள்.

எதிர்த்துப் பேசியவர் ஸஹாப்தீன் ஒருவர்தான்.

"சட்டத்தைத் தெறந்தா மட்டும் என்ன? ஒருத்தனும் தோண்ட மாட்டான். இந்த ஊராக்கள எனக்குத் தெரியும். முத்தத்துல விழுந்த தென்னோலையையே எடுத்துப் போடாத கூட்டம்."

"ஒங்களுக்குப் பயம், மச்சான். எண்ணெ வந்தா ஒங்கட குவளையை யாரு மதிப்பா?"

"எண்ணெ வந்தாத்தானே!"

இந்தச் சண்டை வீட்டுக்குள்ளும் வந்தது. ஹம்ஸியா சோறு போடும்போது ஷுக்ரி எண்ணெயைப் பற்றிப் பேசினார். சகோதரன் வீட்டுக்குப் போனால் அங்கே ஸஹாப்தீன் ஷுக்ரியைப் பற்றிப் பேசினார். கடைசியில் அவள் இரண்டு பேரிடமும், சாப்பிடும்போது வாயை மென்று விழுங்குவதற்கு மட்டும் பயன்படுத்தும்படி கேட்டுக்கொண்டாள்.

ஒருநாள் ஊரே திரண்டு அரசாங்க அலுவலகமான கச்சேரிக்குப் போயிற்று. மாகாணத்தை ஆளும் ஏஜெண்டுத் துரைக்கு அன்று தலைவலி. வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்து அரிசிக் கலகம் என்று நினைத்தவர், எண்ணெய் என்று கேட்டதும் கொஞ்சம் ஆறுதலடைந்தார். ஷுக்ரி பேசியதை மொழிபெயர்த்த கச்சேரி முதலியார் பாதியாகச் சுருக்கினார். அப்படியும் நீளமாகத்தான் இருந்தது.

துரை ஒரு கேள்வி கேட்டார். முதலியார் அதைத் தமிழில் சொன்னார்: "அனுமதி தந்தால் உங்களில் எத்தனை பேர் தோண்டுவீர்கள்?"

எல்லாக் கையும் உயர்ந்தது. மனு எழுதிக் கொடுக்க வாசலில் உட்கார்ந்திருந்த கிழவரும் என்ன ஏதென்று தெரியாமல் கையைத் தூக்கினார்.

துரை ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தார். பிறகு சொன்னார்: மழை தொடங்கும் வரைக்கும் அந்தப் பத்தனையில் யார் வேண்டுமானாலும் தோண்டலாம். கட்டணம் இல்லை. மரம் வெட்டக்கூடாது. தோண்டிய குழியை மழைக்கு முன் மூடிவிட வேண்டும். அவ்வளவுதான்.

கூட்டம் ஷுக்ரியைத் தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு முழுக்கச் சுற்றி வந்தது. ஸஹாப்தீன் கடைக்கு முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

மறுநாள் விடிந்ததும் ஷுக்ரி ஒரு வண்டி நிறைய இடியப்பமும் சம்பலும் ஏற்றிக்கொண்டு பத்தனைக்குப் போனார். பசித்த வயிற்றோடு ஊர் தோண்டக்கூடாது என்று ஹம்ஸியாவை எழுப்பிச் செய்ய வைத்திருந்தார். பத்தனையில் காற்று வீசிற்று. ஊற்றுப் பக்கத்தில் முத்துபண்டா மட்டும் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார்.

"மத்தவங்க எங்க?" என்றார் ஷுக்ரி.

"நானும் அதைத்தான் பாக்குறேன்," என்றார் முத்துபண்டா. "தோண்டாதன்னு சொன்ன நாளையில தெனமும் நாலு பேரைத் துரத்துவேன். தோண்டுன்னு சொன்ன பொறகு ஒரு நாய் வரல்ல. எனக்கு வேலையே போயிரும் போல."

வெயில் உச்சிக்கு வந்தது. ஷுக்ரியும் முத்துபண்டாவும் வண்டிக்காரனுமாக முடிந்த மட்டும் இடியப்பம் சாப்பிட்டார்கள்.

மாலையில் ஷுக்ரி ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கினார். அலவிக்குப் பெருநாள் தையல் குவிந்து கிடந்தது. ஸலீமின் அலவாங்கை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள், யாரென்று ஞாபகமில்லை. மற்றவர்கள், முதலில் நீங்கள் தொடங்குங்கள், எண்ணெய் வந்தால் நாங்கள் வராமலா இருப்போம் என்றார்கள். அதையும் மிகுந்த பாசத்தோடுதான் சொன்னார்கள்.

ஸஹாப்தீன் குவளையைத் துடைத்துக்கொண்டே ஷுக்ரியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

வீட்டில் ஹம்ஸியா, "நீங்க கேட்டீங்க. அவங்க தந்துட்டாங்க. இனி தோண்டுங்க," என்றாள்.

"நானா?"

"வேற யாரு? இவ்வளவு நாளும் தொண்டை கிழியக் கத்தினது நான் இல்லையே."

தன் கையால் தோண்டுவது நடக்காத காரியம் என்று தெரிந்ததும் ஷுக்ரி ஆள் தேடினார். தெமோதரைத் தோட்டமொன்றிலிருந்து விலகி, கிணறு வெட்டிப் பிழைத்துக்கொண்டிருந்த அழகர் கிடைத்தார். சின்ன உடம்பு, பெரிய மீசை. எந்த வேலைக்கும் கேள்வி கேட்டுத் தெளிவு பண்ணிக்கொள்கிற ஆள்.

"எவ்வளவு ஆழம் வெட்டணுங்க, மொதலாளி?"

"எண்ணெ வார வரைக்கும்."

"எண்ணெ எவ்வளவு ஆழத்துல இருக்குங்க?"

"அது தெரிஞ்சா ஒன்னை ஏன் கூப்பிடுறேன்?"

"தண்ணி வந்தா என்னங்க பண்றது?"

"அதுக்கும் கீழ போ."

அழகர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். "சரிங்க. தண்ணிக்குக் கீழ நான் இதுவரைக்கும் போனதில்ல. பாப்போம்."

வேலை தொடங்கிற்று. அழகர் உள்ளே வெட்ட, அவர் மனைவி இராக்கம்மா கூடையில் மண்ணை இழுத்துக் கொட்டினாள். ஷுக்ரி குடைக்கடியில் உட்கார்ந்து, மேலே வரும் ஒவ்வொரு கூடையிலும் ஒரு பிடி மண்ணை எடுத்து முகர்ந்தார். முதலில் செம்மண் வந்தது. பிறகு மஞ்சள் மண். அதன் பிறகு மண்ணே வரவில்லை. அலவாங்கு பாறையில் மோதும் சத்தம் மட்டும் வந்தது. ஷுக்ரியின் மூக்கு செம்மண் படிந்து சிவந்துபோயிற்று. பள்ளிவாசலுக்குத் தொழ வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு அக்கறையோடு எண்ணெயைப் பற்றி விசாரித்தார்கள்.

இந்த நிலையில் கச்சேரியிலிருந்து செய்தி வந்தது. ஏஜெண்டுத் துரை மறுநாள் ஹாலிஎலப் பக்கம் வருகிறார். போகிற வழியில் எண்ணெய் வேலை எந்த மட்டில் இருக்கிறதென்று பார்க்க விரும்புகிறார்.

ஷுக்ரி விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். ஊருக்காகக் கேட்டு வாங்கிய அனுமதி. கையுயர்த்திய அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு குழி. அதுவும் காய்ந்த குழி. துரை முதலியாரைப் பார்ப்பார். முதலியார் ஷுக்ரியைப் பார்ப்பார். அதற்கு மேல் அவரால் நினைக்க முடியவில்லை.

மறுநாள் காலை வீட்டை விட்டுக் கிளம்பும்போது, சமையலறை மூலையில் ஹம்ஸியா பொத்திப் பொத்தி வைத்திருந்த கடைசி மண்ணெண்ணெய்ப் போத்தல் அவருடைய கோட்டுக்குள் இருந்தது. பத்தனைக்குப் போனவர், அழகர் வருவதற்கு முன் போத்தலைக் குழிக்குள் கவிழ்த்தார். துரையின் மூக்குக்கு எட்டும்படி ஒரு வாடை இருந்தால் போதும். "அறிகுறி தெரிகிறது" என்று சொல்லிவிட்டு, மழையைக் காரணம் காட்டி மெல்ல வேலையை நிறுத்திவிடலாம்.

அவர் திட்டத்தில் அழகர் இல்லை.

அழகர் வழக்கம்போல் வந்து, கயிற்றைப் பிடித்து இறங்கி, பாதியிலேயே நின்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு குழிக்குள்ளிருந்து ஒரு கூச்சல்.

"மொதலாளி! எண்ணெங்க! எண்ணெ வந்துருச்சுங்க! ஏய் இராக்கு, எண்ணெடீ!"

"மெதுவா, அழகர், மெதுவா... கொஞ்சம் வாடைதான்..."

"வாடையா? பாறையெல்லாம் மினுங்குதுங்க!"

ஷுக்ரி தடுப்பதற்குள் அவர் மேலே ஏறிச் சரிவில் ஓடிக்கொண்டிருந்தார். இராக்கம்மா கூடையை எறிந்துவிட்டு மறுபக்கம் ஓடினாள். ஒருவர் தோட்டத்துக்கும் ஒருவர் ரோட்டுக்குமாகச் செய்தியைக் கொண்டு போனார்கள்.

தோட்டத்தில் ஆட்களை எண்ணி வேலை பிரிக்கும் பெரட்டு கலைந்து ஆட்கள் மலைக்குப் போகிற நேரம் அது. மலைக்குத்தான் போனார்கள்; ஆனால் வேறு மலைக்கு. சற்று நேரத்தில் ஹாலிஎலக் கிராமத்து ஆட்கள் வந்தார்கள். பிறகு பதுளையிலிருந்து வண்டி வண்டியாக. அலவி ஊசி குத்திய சட்டையோடு வந்தார். ஸலீமின் அலவாங்கு எப்படியோ கிடைத்திருந்தது. மம்பட்டி இல்லாதவர்கள் சட்டி, அகப்பை, கிடாரத்து மூடி என்று கிடைத்ததைக் கொண்டு வந்தார்கள். இடத்துக்காகக் கோடு கிழித்தார்கள். கோட்டுக்காகச் சண்டை பிடித்தார்கள். எதைத் தடுப்பது என்று விளங்காத முத்துபண்டா, கோலைக் கீழே வைத்துவிட்டுத் தானும் ஓரிடம் பிடித்துக்கொண்டார்.

ஷுக்ரியின் குழிக்கு நேர் பக்கத்தில் ஒரு பருத்த மனிதர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சிரைக்க மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார். தலையில் துண்டு கட்டியிருந்ததால் ஷுக்ரிக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"மச்சான்! நீங்களா? கடை?"

"பூட்டிட்டேன்," என்றார் ஸஹாப்தீன், நிமிராமலே. "ஒன்ட குழியில வார எண்ணெ எனக்குக் கீழாலதான் வரணும். கொஞ்சம் தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்காத."

ஷுக்ரி ஒரு மண்மேட்டில் ஏறி நின்று கத்தினார். "எல்லாரும் கேளுங்க! எண்ணெ இல்ல! இங்க எண்ணெ இல்ல!"

ஒரு கணம் மம்பட்டிகள் நின்றன.

"பாத்தீங்களா?" என்றார் அலவி. "இல்லைங்கும்போது தலைகீழா நிண்டு இரிக்கி இரிக்கிண்டாரு. வந்த பொறகு இல்லைங்கிறாரு. முழுக்கத் தனக்கே எடுக்கப் பாக்குறாரு!"

மம்பட்டிகள் முன்னைவிட வேகமாக விழுந்தன.

ஏஜெண்டுத் துரை குதிரை வண்டியில் வந்து இறங்கியபோது பத்தனை கறையான் புற்றைப் போல இருந்தது. அவருக்குப் பின்னாலேயே, ஆளில்லாமல் தனித்து விடப்பட்ட தோட்டத் துரை முகம் சிவக்கக் குதிரையில் வந்தார். இரண்டு துரைமாரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டது யாருக்கும் விளங்கவில்லை. குதிரை மட்டும் அடிக்கடி காதை ஆட்டிற்று.

ஷுக்ரி ஓடிப்போய் முதலியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினார். தான் ஊற்றியது, ஏன் ஊற்றியது, எல்லாம். முதலியார் இந்த முறை ஒரு வார்த்தையையும் சுருக்கவில்லை. ஏஜெண்டுத் துரை கேட்டு முடித்துவிட்டு, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சற்று அப்பால் போய் நின்றார். அவர் தோள் குலுங்கிற்று. திரும்பி வந்து, கூட்டத்துக்கு அறிவித்துவிடும்படி முதலியாரிடம் சொன்னார். முதலியார் அறிவித்தார்.

ஒருவரும் நம்பவில்லை. கவர்மெண்டும் ஷுக்ரியும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள் என்று ஸஹாப்தீனே சொன்னார்.

அப்போதுதான் ரோட்டில் ஒரு திரை போட்ட வண்டி வந்து நின்றது. திரையை விலக்கிக்கொண்டு ஹம்ஸியா இறங்கினாள். முக்காட்டை இறுக்கிப் பிடித்தபடி, மண்மேடுகளுக்கிடையே நேராக ஷுக்ரியின் குழிக்குப் போனாள். அங்கே புல்லில் கிடந்த வெறும் போத்தலை எடுத்து, அதன் கழுத்தில் தான் கட்டியிருந்த சிவப்பு நூலைப் பார்த்தாள்.

"இது என்ட வீட்டுப் போத்தல்," என்றாள். அவள் சத்தமாகப் பேசவில்லை. ஆனால் குழிக்குக் குழி தலைகள் எழும்பின. "இன்னைக்குப் பின்னேரம் என்ட வீட்டுல லாம்பு கொளுத்த ஒரு சொட்டு எண்ணெ இல்ல. யாருக்காவது இந்தக் குழியில எண்ணெ இரிக்கிண்டு இன்னும் நம்பிக்கை இருந்தா, இந்தப் போத்தலை நெரப்பித் தாங்க. நான் நிக்கிறேன்."

ஒருவரும் நிரப்ப முன்வரவில்லை. அலவி தன் சட்டையில் குத்தியிருந்த ஊசிகளைத் தடவிப் பார்த்தார்.

அவள் பக்கத்துக் குழியை எட்டிப் பார்த்தாள். உள்ளே மண் அப்பிய தலையோடு அவள் அண்ணன் ஸஹாப்தீன் நின்றார்.

"நானா, சட்டத்தைத் தெறந்தாலும் ஒருத்தனும் தோண்ட மாட்டான்னு செல்லிக்கிட்டிருந்தது நீங்கதானே?"

"அது... தங்கச்சி... நான் சும்மா பாக்க வந்தேன்."

"பாத்தது இடுப்பு வரைக்கும் போயிருக்கு."

முதலில் சிரித்தது இராக்கம்மா. அதன் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. தோட்டத் துரைகூட, விஷயத்தை அவருக்கு மொழிபெயர்த்ததும், கொஞ்ச நேரம் கோபப்பட மறந்துபோனார். நீரில் மினுங்கிய படலம் மண்ணிலுள்ள இரும்பால் வருவது, இந்தப் பக்கத்து ஊற்றுகளில் வெயில் காலத்தில் காண்பதுதான் என்று ஏஜெண்டுத் துரை முதலியார் மூலம் விளக்கினார். கூட்டம் அதற்கு நிற்கவில்லை. வந்த வேகத்தைவிட அதிக வேகத்தில் மலையிறங்கிக்கொண்டிருந்தது.

"குழி!" என்று முதலியார் பின்னால் கத்தினார். "குழியை மூட வேண்டும்! நிபந்தனை!"

திரும்பிப் பார்த்தவர்கள் சிலர். திரும்பி வந்தவர்கள் யாருமில்லை. அனுமதி கேட்டவர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு ஷுக்ரியின் தலையில் விழுந்தது. ஓட முடியாத அளவு களைத்திருந்த ஒரே ஆள் என்ற முறையில் ஸஹாப்தீனும் மாட்டிக்கொண்டார்.

அழகருக்கு ஷுக்ரியின் மேல் கொஞ்சம் கோபம். "நான் ஓடுன ஓட்டத்துல கீழ விழுந்து முட்டியப் பேத்துக்கிட்டேங்க. மொதல்லயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்ப?"

"மெதுவா ஓடியிருப்பேங்க."

மச்சான்மார் இரண்டு பேரும் மறுநாளிலிருந்து பத்தனைக்குப் போய்க் குழி மூடினார்கள். முதல் நாள் பேச்சில்லை. இரண்டாம் நாள் மண் போதவில்லை என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. தோண்டியெடுத்த மண்ணைக் காற்றும் காலும் எங்கோ கொண்டு போயிருந்தன. எவ்வளவு போட்டாலும் குழி வாயைப் பிளந்துகொண்டே இருந்தது. இராக்கம்மாதான், எதற்கு இவ்வளவு பாடு, குழிக்கு ஒரு வாழைக்கன்றை வைத்தால் குழியும் நிரம்பும், தானும் வந்து தண்ணீர் விடுவதாகச் சொன்னாள். முதலியார் போய்க் கேட்டார். குழியில் கன்று நின்றால் அதைக் குழி என்று சொல்ல முடியாது என்று ஏஜெண்டுத் துரை ஒப்புக்கொண்டார்.

தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயங்களிலிருந்து கன்றுகள் வந்தன. மழைக்கு முன் எல்லாக் குழிகளிலும் பச்சை தெரிந்தது. எண்ணெய்க்குத் தந்த அனுமதியை யாரும் திரும்ப எடுக்கவில்லை. எடுக்க வேண்டிய அவசியமும் வரவில்லை.

கடைசிக் கன்றை நட்டுவிட்டு இருவரும் கல்லில் உட்கார்ந்தபோது ஸஹாப்தீன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உள்ளதைச் செல்லு. அந்த எண்ணெயை ஊத்தும்போது, கீழ உண்மையாவே இரிக்கலாம்னு நீ நெனச்சியா இல்லையா?"

ஷுக்ரி யோசித்தார். "நெனச்சேன். நீங்க?"

"கடையைப் பூட்டும்போது இல்லைண்டுதான் நெனச்சேன்," என்றார் ஸஹாப்தீன். "பத்தனை ஏறும்போது பாதிப் பாதி. பொறகு ஒன்ட குழியைப் பாத்தேன். பக்கத்துல இடம் காலியா இருந்திச்சி."

கீழே ரோட்டில் ஹம்ஸியா அனுப்பிய சோற்று வண்டி வந்துகொண்டிருந்தது. மழைக் காற்று எழும்பியிருந்தது. இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, கன்றுகளை மிதித்துவிடாமல் மெதுவாக இறங்கினார்கள்.